நைட்ரோ கார்: சிக்கனமாகத் தொடங்கும் வழி



தொலைவில் நின்று ரேடியோ அலைகளால் இயக்கும் சிறு கார்களுள் மின்கலத்தால் ஓடுவன ஒரு வகை. நைட்ரோ எரிபொருளால் ஓடுவன மற்றொரு வகை. பின்னதன் முழக்கமும் புகையும் வேகமும் இளைஞர்களைப் பெரிதும் ஈர்க்கின்றன. சொந்த ஊரை விட்டு வந்து, வாடகையும் பள்ளிக் கட்டணமும் போக எஞ்சிய சம்பளத்தில் குடும்பம் நடத்தும் நம் போன்றோர்க்கு, வீட்டுப் பிள்ளை இதனைக் கேட்கும்போது மறுக்க மனம் வராது. இசையவும் துணிவு வராது. சிக்கனமாகத் தொடங்க இயலுமா? இயலும். அச்சிக்கனம் வண்டியின் விலையைவிட, எஞ்சினைக் கெடாமல் காப்பதிலேயே பெரிதும் அடங்கியிருக்கிறது.

முதலில் இதன் இயல்பை அறிவோம். மெத்தனால், நைட்ரோமீத்தேன், எண்ணெய் ஆகிய மூன்றும் கலந்ததே இதன் எரிபொருள். கார்களுக்குரிய கலவையில் நைட்ரோமீத்தேன் பெரும்பாலும் நூற்றுக்கு 10 முதல் 30 பங்கு வரை இருக்கும். எஞ்சினுக்கெனத் தனியே எண்ணெய் ஊற்றுவதில்லை. எரிபொருளோடு வரும் எண்ணெயே உராய்வைத் தணிக்கிறது. பெட்ரோல் இதற்கு உதவாது. தீப்பொறி எழுப்பும் பிளக்குக்குப் பதிலாக, பிளாட்டினம் சேர்ந்த கம்பிச்சுருள் கொண்ட 'க்ளோ பிளக்' இதில் உண்டு. தொடக்கத்தில் சிறு மின்கலத்தால் அதனைச் சூடேற்றுகிறோம்; எஞ்சின் ஓடத் தொடங்கியபின் அது தானே கனன்றுகொண்டிருக்கும்.

சிலிண்டரின் உட்குழல் மேற்புறம் சற்றே குறுகியது. எஞ்சின் குளிர்ந்திருக்கையில் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது இறுகப் பிடிக்கும். சூடேறி உலோகம் விரிந்தபின் சரியாகப் பொருந்தும். ஆகவே பழைய வண்டி வாங்குவோர், குளிர்ந்த எஞ்சினைக் கையால் சுற்றிப் பார்த்தல் வேண்டும். உச்சியில் பிடிப்பின்றி எளிதாகச் சுழன்றால் அது தேய்ந்த எஞ்சின். விலை எத்துணைக் குறைவாயினும் வேண்டா. நாம் வசிக்கும் நகரில் உதிரி பாகங்கள் கிடைக்கும் வண்டியையே தேர்ந்தெடுப்போம்.

கையிலுள்ள தொகையில் மூன்றில் ஒரு பங்கையேனும் எரிபொருள், பிளக்கைச் சூடேற்றும் கருவி, உபரி பிளக், காற்று வடிகட்டி, வெப்பமானி ஆகியவற்றுக்கு ஒதுக்குதல் நலம். உண்மைக் காரில் எட்டில் ஒரு பங்கு அளவுள்ள பந்தய வண்டியின் தொட்டி 125 மில்லிலிட்டர் கொள்ளும். அது ஏறத்தாழ எட்டு அல்லது பத்து நிமிஷங்களில் தீரும். ஒரு லிட்டருக்கு எட்டு முறை நிரப்பலாம். ஒரு மணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதலான ஓட்டம். மாதத்திற்கு எத்தனை லிட்டர் நமக்குக் கட்டும் என்று முன்னரே கணக்கிடுவோம்.

புதிய எஞ்சினை முதல் நாளே முழு வேகத்தில் விரட்டுவது அதன் ஆயுளைக் குறைக்கும். கையேடுகளில் 'ரிச்', 'லீன்' என வருவனவற்றைக் 'கொழுத்த கலவை', 'மெலிந்த கலவை' எனலாம். எரிபொருள் மிகுந்தது கொழுத்தது. காற்று மிகுந்தது மெலிந்தது. முதல் சில தொட்டிகளைக் கொழுத்த கலவையில், மிதமான வேகத்தில், இடையிடையே ஆறவிட்டு ஓட்டுதல் வேண்டும். ஆறும்போது பிஸ்டன் கீழே நிற்கட்டும். கலவையை மெலியச் செய்தால் வேகம் கூடும்; ஆனால் எண்ணெய் குறைந்து, வெப்பம் ஏறி, எஞ்சின் அழியும். புகைக்குழாயில் நீலப்புகை தெரிதல் நல்ல அறிகுறி. மெத்தனால் ஈரத்தை இழுக்கும் இயல்புடையது. ஆதலின் ஓட்டம் முடிந்ததும் எஞ்சிய எரிபொருளை வெளியேற்றி, எஞ்சினுள் சில துளி எண்ணெய் விட்டால் துரு பிடிக்காது.

பெற்றோர் மறவாதிருக்க வேண்டியவை சில. மெத்தனால் நஞ்சு, உட்கொண்டால் கண் பார்வை போகும், உயிரும் போகலாம். பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்கு எளிதில் புலப்படாது. ஆகவே சமையலறையில் வைத்தலாகாது; பூட்டி வைத்தல் வேண்டும். விடுமுறைக்கு ஊர் செல்கையில் வண்டியை எடுத்துச் செல்வோர் தொட்டியைக் காலி செய்க. ரயிலில் எரிபொருள் கொண்டு செல்லுதல் குற்றம். ரேடியோ தொடர்பு அறுந்தால் தானே பிரேக் பிடிக்கும் அமைப்பு வண்டியில் உள்ளதா என்பதை ஒவ்வொரு முறையும் சோதித்து, மக்கள் நடமாட்டமில்லாத திறந்த மைதானத்திலேயே ஓட்டுதல் முறை. அடுக்குமாடி முற்றம் இம்முழக்கத்திற்கு ஏற்ற இடமன்று.

இவ்வளவு கவனத்துக்கு இசையும் பிள்ளைக்கு வண்டியைத் தயங்காமல் வாங்கித் தரலாம். முதல் தொட்டியை மட்டும் அருகில் இருந்து நாமும் சேர்ந்தே ஓட்டுவோம்.