நடுத்தரக் கம்பனியும் நாடிவரும் முதலும்

நூறு பேர் வேலைசெய்யும் ஒரு தொழிற்சாலை விரிவடைய விரும்புகின்றது. வங்கி நீண்டகாலக் கடனுக்கு இசைவதில்லை. பங்குச் சந்தைக்கோ அக்கம்பனி மிகச் சிறியது. பிரித்தானியாவில் நடுத்தரத் தொழில்களுக்கு நேர்ந்த இவ்விடரை 1931ஆம் ஆண்டில் மக்மில்லன் குழு எடுத்துக்காட்டிற்று. பரிகாரம் காணப் பதினான்கு ஆண்டுகள் சென்றன! 1945இல் இங்கிலாந்து வங்கியும் ஏனைய பெரிய வங்கிகளும் சேர்ந்து கைத்தொழில் வர்த்தக நிதிக் கூட்டுத்தாபனத்தை நிறுவின. 5,000 பவுண் முதல் 2,00,000 பவுண் வரை தேவைப்பட்டோருக்கு அது உதவிற்று. கடன் கொடுத்ததோடு பங்குகளையும் வாங்கிற்று. பங்காளியாகப் பல்லாண்டு பொறுத்திருந்தமையே அதன் சிறப்பு எனலாம். 1983இல் ‘த்ரீ ஐ’ எனப் பெயர் மாறிய அந்நிறுவனம், 1994இல் இலண்டன் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. இன்றும் அது நடுத்தரக் கம்பனிகளில் முதலிடுகின்றது.

ஆயினும், இத்துறையின் பொதுவழக்கம் இப்பொழுது வேறு. தனியார் முதலீட்டு நிறுவனங்கள் ஓய்வூதிய நிதியங்கள் போன்றவற்றின் பணத்தை ஏறத்தாழப் பத்தாண்டுத் தவணையில் திரட்டுகின்றன. அதைக்கொண்டு ஒரு கம்பனியின் பெரும்பங்கை வாங்கிச் சீர்செய்து, சில ஆண்டுகளில் விற்றுவிடுகின்றன. ஒழுங்கான கணக்கும் தேர்ந்த நிருவாகமும் இவர்களால் வருவதுண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால், வாங்குவதற்காகப் பட்ட கடன் பெரும்பாலும் வாங்கப்பட்ட கம்பனியின் தலையிலேயே விழுகின்றது. தொழிலை விற்கும் உரிமையாளர் விலையைக் கேட்டறிந்து விலகிவிடுவார். வியாபாரம் தளரும் ஆண்டில் அவ்வட்டியை எதிலிருந்து இறுப்பார்கள் என்று கேட்க வேண்டியவர்கள், அங்கேயே வேலையில் இருக்கும் அந்த நூறு பேருமே.