விவாகரத்தும் மத்தியஸ்தமும்
(நூற்றாண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நூற்றாண்டு விழாவில் விவாகரத்தைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் நினைக்கலாம். ராகலையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் ஒரு குடும்பம் பிரியும்போது, "நீ படித்த பிள்ளை, இதை வாசித்துச் சொல்" என்று கடிதத்தை நம் கையில்தான் தருகிறார்கள். ஆகவே நாம் சரியாகச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

தோட்டத் தலைவரும் கோயில் கமிட்டியாரும் இரு வீட்டாரையும் கூட்டி வைத்துப் பேசி, "இனி ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லை" என்று எழுதிக் கையொப்பம் வாங்குகிறார்கள். ஊர் "தீர்த்தாச்சு" என்கிறது. ஆனால் சட்டத்தில் அது தீரவில்லை. பொதுச் சட்டப்படி பதிந்த திருமணத்தை மாவட்ட நீதிமன்றம்தான் முறிக்கலாம். 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டம் அதற்கு மூன்றே காரணங்களைச் சொல்கிறது: சோரம், வன்மத்துடன் கைவிடுதல், திருமண வேளையிலேயே இருந்த தீராத தாம்பத்திய இயலாமை. இருவரும் சம்மதித்தால் மட்டும் போதாது. அயலில் கண்டியச் சட்டத்தின் கீழ் மணந்தவர்களுக்கு மாவட்டப் பதிவாளர் சம்மதத்தின் பேரிலும் விவாகரத்து வழங்குவதைப் பார்த்து, நமக்கும் அப்படித்தான் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். கடிதத்தை நம்பி மறுமணம் செய்தால் அது செல்லாது. இருதார மணக் குற்றமாகவும் முடியலாம். நீதிமன்றத்திலும் முதலில் இடைக்காலத் தீர்ப்பு, குறைந்தது 3 மாதம் கழித்தே முடிவான தீர்ப்பு.

அப்படியானால் பேசித் தீர்ப்பதில் பயனே இல்லையா? நிறைய உண்டு. பிள்ளைகள் யாரிடம் வளர்வது, மற்றவர் எப்போது வந்து பார்ப்பது, தாபரிப்புப் பணம் எவ்வளவு, நகையும் சீரும் யாருக்கு என்பவற்றை நடுநிலையான ஒருவர் முன்னால் பேசி முடித்தால், வழக்கு நாட்கள் குறையும், பிள்ளைகளின் மனமும் நோகாது. லயத்துக் காம்பராவைப் பற்றித் தோட்ட நிர்வாகத்திடமும் கேட்க வேண்டும். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த மத்தியஸ்த சபைகள் நம் ஊர்களில் பழக்கமானவை. அவை தீர்ப்புச் சொல்வதில்லை, இணக்கம் தேட உதவுகின்றன. விவாகரத்து வழங்கும் அதிகாரம் அவற்றுக்கு இல்லை. பேசி இணங்கியதைச் சட்டத்தரணி மூலம் வழக்கில் பதிவு செய்தால்தான் அது நீதிமன்றக் கட்டளையாகும்.

இரண்டு எச்சரிக்கைகள். அடி உதை உள்ள வீட்டில் முதலில் பேச்சுவார்த்தை வேண்டாம். பயத்தில் இருப்பவள் எதற்கும் தலையாட்டுவாள். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அடுத்தது, "பிரிந்தால் போதும்" என்று பிள்ளைகளின் தாபரிப்பை விட்டுக்கொடுத்துக் கையொப்பமிட வேண்டாம். 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டப்படி அதையும் நீதவான் நீதிமன்றத்தில் கேட்கலாம். விவாகரத்து வழக்குப் போடும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

வழக்குச் செலவுக்கு வழியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். கொழும்பிலோ கடல் கடந்தோ இருக்கும் சகோதரிகளே, ஊரிலிருந்து ஒரு கடிதத்தின் படம் உங்கள் தொலைபேசிக்கு வந்தால், "கையொப்பம் போடாதே, முதலில் சட்டத்தரணியிடம் காட்டு" என்று சொல்லுங்கள். நுவரெலியா போய்வரும் பஸ் காசையும் அனுப்பி வையுங்கள். ஒருநாள் பேர் போடாவிட்டால் அவளுக்கு அன்றைய சம்பளம் இல்லை என்பது நமக்குத் தெரியாததல்ல.