பொருளினும் அமைப்பே பெரிது



எத்துணைச் சிறந்த வில்லையும் ஒளியலை நீளத்தின் ஏறத்தாழப் பாதிக்குக் குறைந்த இடைவெளியைப் பிரித்துக் காட்டாது என்று 1873-இல் ஜெர்மானிய அறிஞர் ஆபே உரைத்தார். அதனினும் நுண்ணிய விவரங்களைத் தாங்கும் அலைகள் பொருளின் அருகிலேயே தேய்ந்துவிடுகின்றன.

உட்புகும் ஒளியை வழக்கத்திற்கு எதிர்ப்புறமாக மடக்கும் பொருள் இருப்பின், தட்டையான பலகையும் வில்லையாகும் என 1967-இல் ருஷிய விஞ்ஞானி வெஸலாகோ கணித்தார். தேயும் அலைகளையும் அது வளர்த்துத் தரும் என 2000-இல் ஆங்கிலேயரான பெண்ட்ரி காட்டினார். 2001-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் செப்பு வளையங்களையும் கம்பிகளையும் ஒழுங்குற அடுக்கி, மைக்ரோ அலைகளை அவ்வாறே மடக்கினர். 2005-இல் கலிபோர்னியாவில் 35 நானோமீட்டர் வெள்ளிப் படலம், 60 நானோமீட்டர் அளவான கோடுகளைப் பிரித்துக் காட்டியது. எனினும் பொருள் படலத்தை ஒட்டியே இருத்தல் வேண்டும். உலோகம் ஒளியை விழுங்குவதும் குறையே.

இவ்வழிக்கு முன்னோடி நம் நாட்டவர். 1898-இல் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ், முறுக்கிய சணலைக் கொண்டே மின்னலைகளின் அதிர்வுத் தளத்தைத் திருப்பினார்.

சணலும் செம்பும் எளியவை. அமைப்பே அவற்றிற்கு ஆற்றல் ஈந்தது. நம் பொற்சுரங்கம் 2001-இல் மூடப்பெற்றது. பொன் போயிற்றென்று சோர்தல் வேண்டா. நம் மக்களைக் கல்வியால் ஒழுங்குற அமைப்போமாயின், அவர்களும் புத்தாற்றல் பெறுவர்.