காணாக்கடியும் பெயரில்லாக் குளிசையும்

யாழ்ப்பாணத்தில் ஒருவருக்கு உடம்பில் தடிப்பும் சொறியும் கண்டால், குற்றவாளி யாரென்பது உடனே தீர்மானிக்கப்பட்டுவிடும். அது கத்தரிக்காய், தவறினால் நண்டு. 'கிரந்திச் சாப்பாடு' என்ற ஒரு சொல்லோடு வழக்கு முடிந்துவிடும். எனக்கும் அவ்வாறே நேர்ந்தது.

பல்லீறு வீங்கியமைக்காக ஒரு வாரத்துக்கென்று தந்த நுண்ணுயிர்கொல்லிக் குளிசைகளை, வலி நின்றதும் ஆறாம் நாளிலேயே நிறுத்திவிட்டேன். எட்டாம் நாள் வயிற்றிலும் முதுகிலும் செம்புள்ளிகள் எழுந்தன, இரவெல்லாம் தினவு. வீட்டில் நண்டு நின்றது, கத்தரிக்காய் நின்றது. வேப்பிலை அரைத்துப் பூசினோம். சில நாளில் தணிந்தது. பின்னர் ஈறு மீண்டும் வீங்கவே, எஞ்சிய குளிசைகளை நானே எடுத்து விழுங்கினேன். மறுநாளே தினவு முன்னிலும் கடுமையாகத் திரும்பியது.

வைத்தியரின் முதற் கேள்வி உணவைப் பற்றியதன்று. "என்ன மருந்து எடுத்தீர்கள்?" என்றார். கடதாசிப் பையை நீட்டினேன். வேளையும் எண்ணிக்கையும் இருந்தனவேயன்றி மருந்தின் பெயர் இல்லை. பெயரெழுதாத விடைத்தாளை முப்பது ஆண்டுகளாக ஏற்க மறுத்தவன் நான். பெயரெழுதாத மருந்தை ஒரு கேள்வியுமின்றி விழுங்கியிருந்தேன்! மருந்துக்கடைக்குத் திரும்பிச் சென்று விசாரித்த பின்னரே அது பெனிசிலின் இனத்தைச் சேர்ந்த அமொக்சிசிலின் எனத் தெரிந்தது.

மருந்தின் சிறு கூறு உடற் புரதத்தோடு ஒட்டிக்கொள்ள, உடல் அதனை அந்நியனெனக் கருதிப் போர் தொடுக்கிறது. சிலருக்கு ஒரு மணி நேரத்துள் காணாக்கடி போல் தடித்தெழும். சிலருக்கு ஒரு வாரம் கழித்து, சில வேளை மருந்தை நிறுத்திய பின்னர், செம்புள்ளிகள் தோன்றும். இத்தாமதமே நம்மை ஏமாற்றுவது. மானிப்பாயிலிருந்து மேலை வைத்தியத்தைத் தமிழில் தந்த கிறீன் வைத்தியர் 1884இல் மறைந்தார். 'அலேர்ஜி' என்ற சொல்லை ஒஸ்திரிய வைத்தியர் பிர்க்கே ஆக்கியதோ 1906இல். ஆதலால் கிறீனின் நூல்களில் அச்சொல்லைத் தேடிப் பயனில்லை. நாம் இன்று 'ஒவ்வாமை' என்கிறோம், நல்ல சொல்.

எல்லாத் தினவும் மருந்தால் வருவதன்று. வீட்டில் எல்லோரும் இரவில் விரலிடுக்கைச் சொறிந்தால் அது பெரும்பாலும் சிரங்கு. ஆறு வாரம் கடந்தும் தடிப்பு வந்து வந்து மறைந்தால் காரணம் பெரும்பாலும் வேறொன்று. ஆனால் உதடோ நாவோ வீங்குதல், மூச்சு முட்டுதல், மயக்கம், வாயிலும் கண்ணிலும் புண், தோல் கொப்புளித்து உரிதல் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் வேப்பிலைக்கு நேரமில்லை. உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

2023 ஜூலையில் பேராதனையில் இளம்பெண் ஒருவர் நுண்ணுயிர்கொல்லி ஊசி ஏற்றப்பட்ட பின் இறந்த செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. அதன் பின் ஊசியென்றாலே அஞ்சி ஒதுங்குவோரைக் கண்டேன். அதுவும் பிழை. பெனிசிலின் தமக்கு ஒவ்வாதென்போரை வைத்தியசாலையில் முறையாகச் சோதித்தால், 100 பேரில் 90க்கு மேற்பட்டோருக்கு அது ஒத்துக்கொள்கிறது. சிறுவயதில் வைரசுக் காய்ச்சலோடு வந்த புள்ளிகளுக்கு மருந்தின் மேல் பழி விழுந்திருக்கும். உண்மையான ஒவ்வாமையும் ஆண்டுகள் செல்லப் பலரிடம் தேய்ந்துவிடும். வீண்பழியால் மலிவான நல்ல மருந்தொன்றை இழந்து, விலைகூடிய வேறொன்றைத் தேடி அலைகிறோம்.

என் கிளினிக் கொப்பியின் முதற் பக்கத்தில் மருந்தின் பெயரையும், எத்தனையாம் நாளில் எவ்வகைத் தடிப்பு வந்ததென்பதையும் வைத்தியர் சிவப்பு மையால் எழுதித் தந்தார். கத்தரிக்காய் எங்கள் வீட்டுக்குத் திரும்பிவிட்டது.