கண்ணுக்குத் தெரியாத வெட்டு

கவிஞர்கள் கூடும் அவையில் சீட்டுக்கட்டுக்கு என்ன வேலை என்னும் வினா எழுவது இயல்பே. சீட்டு என்றவுடன் சூதாட்டமே பலருக்கும் நினைவில் எழுகிறது. ஆயினும் அதே 52 சீட்டுகளைக் கொண்டு, வீட்டு மேசையில் அமர்ந்து, தம் கையாலேயே வெட்டிச் சீர்செய்து, காண்பவரை வியப்பில் ஆழ்த்தியவர்கள் உண்டு. அவர்களது நுட்பம் முழுவதும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. அந்த ஒரு மில்லிமீட்டரைப் பற்றியதே இவ்வுரை.

போக்கர் அளவுச் சீட்டு 88.9 மி.மீ. நீளமும் 63.5 மி.மீ. அகலமும் உடையது, அதன் கனம் ஏறத்தாழ 0.3 மி.மீ. கட்டிலுள்ள ஒரு சீட்டின் நீளத்தை ஒரு மில்லிமீட்டர் குறைத்துவிட்டால், எதிரே அமர்ந்திருப்பவர் கண்ணுக்கு அது புலப்படுவதில்லை. கட்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் வருடிச் சரசரவென விடுவிக்கும்போது, அந்த இடத்தில் மட்டும் சீட்டுகளின் ஓட்டம் ஒரு கணம் தடைபடும். அதை விரல் அறியும். கண் தவறவிடுவதும் விரல் கண்டுகொள்வதுமான இந்தச் சிறு இடைவெளியில்தான் வித்தை குடியிருக்கிறது.

இக்குட்டைச் சீட்டின் விரிவே ஸ்வெங்காலி கட்டு. அமெரிக்க வித்தைக்காரர் பர்லிங் ஹல் 1909-இல் இதனைப் பரப்பினார். இதில் 26 சீட்டுகள் வெவ்வேறானவை. ஏனைய 26-உம் ஒரே சீட்டு, அவை குட்டையானவை. நெட்டையும் குட்டையும் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கும். விரலால் வருடும்போது அவை இரண்டிரண்டாகவே விழுவதால், காண்பவர் கண்ணில் படுவன வெவ்வேறு சீட்டுகள் மட்டுமே. அவர் எந்த இடத்தில் விரலை நுழைத்தாலும் கைக்கு வருவது அந்த ஒரே சீட்டு. ஜார்ஜ் டு மோரியேயின் 1894-ஆம் ஆண்டுப் புதினமான 'டிரில்பி'யில், ஒரு பெண்ணை வசியப்படுத்திப் பாடவைப்பவன் ஸ்வெங்காலி. தானே தேர்ந்தெடுத்ததாக ஒருவரை நம்பவைக்கும் கட்டுக்கு அவன் பெயர் பொருந்தியே வந்திருக்கிறது.

மற்றொரு வகை ஆப்புக்கட்டு. இதில் 52 சீட்டுகளின் நீண்ட பக்கங்களும் சற்றே சாய்வாக வெட்டப்படும். ஒரு முனை அகன்றும் மறுமுனை குறுகியும் இருக்கும். ஒரு சீட்டை மட்டும் திருப்பிச் செருகிவிட்டால், எத்தனை முறை கலைத்தாலும் அதன் அகன்ற முனை மற்றவற்றின் குறுகிய முனையருகே துருத்தி நிற்கும். விரல்கள் அதைத் தனியே உருவி எடுத்துவிடும். ஸ்வெங்காலி கட்டை வீட்டில் செய்ய ஒரே சீட்டு 26 வேண்டும். அதற்கு 26 கட்டுகள் வாங்க நேரும். ஆப்புக்கட்டுக்கோ ஒரு கட்டே போதும். வீட்டில் பழகுவோர் இதிலிருந்து தொடங்குவது நன்று.

வெட்டும் முறை எளியது. பொறுமையே அதற்கு விலை. கத்தரிக்கோல் உதவாது, அதன் வெட்டு அலையும். புகைப்பட நிலையங்களில் படத்தின் ஓரம் நறுக்கும் கருவி போன்றதொன்று வேண்டும். அதில் ஒரு மரச்சட்டத்தைத் தடுப்பாகப் பொருத்தி, சீட்டின் ஒரு முனை சட்டத்தைத் தொடும்போது மறுமுனை கத்தியின் கோட்டில் நிற்குமாறு அமைத்தல் வேண்டும். பின்னர்ச் சட்டத்துக்கும் சீட்டுக்கும் நடுவே பழைய சீட்டுகள் இரண்டை நிமிர்த்திச் செருகினால், வெட்ட வேண்டிய சீட்டு 0.6 மி.மீ. முன்னே நகரும், நகர்ந்த அளவே வெட்டுப்படும். சீட்டை அளக்கச் சீட்டே அளவுகோலாகிறது. ஒரு முனையை மட்டும் வெட்டினால் பின்புறச் சித்திரத்தின் வெள்ளை ஓரம் ஒருபுறம் ஒடுங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். எனவே திருப்பி வைத்து மறுமுனையையும் வெட்ட வேண்டும். சீட்டு முன்னமே குறைந்துவிட்டமையால் இம்முறை நான்கு சீட்டுகளைச் செருகுதல் வேண்டும். ஆப்புக்கட்டுக்குச் சட்டத்தின் ஒரு முனையில் மட்டும் செருகினால் வெட்டு சாய்வாக அமையும். வெட்டியபின் கூர்மையாகிவிட்ட மூலைகளை நகவெட்டியால் வளைவாக்கி, வெட்டாத சீட்டொன்றின்மேல் வைத்து ஒப்புநோக்க வேண்டும். ஈரக்காற்றில் தாள் விரியும் இயல்புடையது. ஆதலின் ஒரு கட்டு முழுவதையும் ஒரே அமர்வில் வெட்டி முடிப்பது நலம்.

இங்கே மறைக்கக்கூடாத உண்மை ஒன்றுண்டு. இதே வெட்டு சூதாடிகளின் கருவியாகவும் இருந்தது. பிரெஞ்சு வித்தைக்காரர் ராபர்ட் ஊதேன் 1861-இல் சீட்டாட்ட ஏமாற்றுகளை அம்பலப்படுத்தி நூல் எழுதியபோது, சாய்வாக வெட்டிய சீட்டுகளையும் அதில் விளக்கினார். கத்தி ஒன்றே, வெட்டும் ஒன்றே. ஒருவன் பிறர் பொருளைக் கவர்கிறான். மற்றவன் ஒரு மாலைப்பொழுதின் வியப்பைத் தருகிறான். இவ்வேறுபாட்டை இங்கிலாந்தின் ரெஜினால்ட் ஸ்காட் 1584-இலேயே எடுத்துரைத்தார். சூனியம் என்ற பெயரில் எளியோர் தண்டிக்கப்பட்ட காலம் அது. கைவித்தைகளின் இரகசியங்களைத் தம் நூலில் விளக்கிய அவர், பிறருக்குத் தீங்கின்றி, தெய்வ ஆற்றல் என உரிமை கொண்டாடாது, களிப்புக்காகச் செய்யப்படும் வித்தை பழிக்கத்தக்கதன்று என்றார். வெட்டிய கட்டைப் பணம் வைத்தாடும் மேசைக்குக் கொண்டு செல்லாதிருத்தலே இக்கலையின் முதல் ஒழுக்கம்.

வியன்னாவின் யோகான் ஹோஃப்சின்சர் (1806-1875) அரசுப் பணியிலிருந்தபடியே சீட்டு வித்தையில் தோய்ந்தவர். வித்தைகளுள் சீட்டு வித்தையே கவிதை எனக் கருதியவராக அவரைச் சொல்வதுண்டு. தனி வகையில் செய்த சீட்டுகள் பலவற்றை அவர் உருவாக்கினார். தம் குறிப்புகளை எரித்துவிடுமாறு அவர் கூறிச்சென்றதாகச் சொல்லப்படுகிறது. எஞ்சியவற்றை ஓட்டோக்கர் ஃபிஷர் திரட்டி 1910-இல் நூலாக்கினார்.

கவிதையிலும் வெட்டுண்டு. நீக்கப்பட்ட சொல் படிப்பவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆயினும் வரி எங்கே நிற்க வேண்டுமோ அங்கே அவர் மனம் நிற்கிறது. வெட்டியது கூடினால் ஓரம் காட்டிக்கொடுக்கும். குறைந்தால் விரல் உணராது. அளவறிந்து வெட்டுவதும், வெட்டியதை நேர்மையான மேசையில் மட்டுமே விரிப்பதும் இரு கலைக்கும் பொது. பத்தாண்டு காலம் சொற்களை வெட்டியும் சேர்த்தும் பழகிய இவ்வட்டத்துக்கு இது புதிதன்று.