பனிக்காலமும் கோழிக்கூட்டு விளக்கும்



காஷ்மீரில் டிசம்பர் 21 முதல் நாற்பது நாட்கள் கடுங்குளிர். அந்த நாற்பது நாளுக்கு ஒரு பெயரே உண்டு. 'சில்லாய் கலான்' என்பார்கள். குழாயில் தண்ணீர் உறைந்துவிடும். பனி கொட்டினால் ஜம்மு - ஸ்ரீநகர் சாலை அடைபடும். லாரிகள் வழியிலேயே நிற்கும். வெளி மாநிலத்து முட்டையும் அந்த லாரிகளோடு நிற்கும். சரி, வீட்டில்தான் கோழி இருக்கிறதே என்று கூட்டுக்குள் கைவிட்டுப் பார்த்தால் அங்கும் முட்டை இல்லை. முட்டை மிகவும் வேண்டிய மாதத்தில்தான் கோழி ஓய்வெடுக்கும்.

"பாவம், குளிர் தாங்கவில்லை" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். உண்மையில் கோழிக்கு இறகே கம்பளி. காற்றும் ஈரமும் படாத கூடு கிடைத்தால் நல்ல குளிரையும் தாங்கும். முட்டை நிற்க முதற்காரணம் குளிர் அல்ல, இருட்டு.

ஸ்ரீநகரில் ஜூன் மாதத்தில் பகல் ஏறக்குறைய பதினாலரை மணி நேரம். டிசம்பர் கடைசியில் அது பத்து மணி நேரமாகக் குறைந்துவிடும். சென்னையில் இந்த வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். அதனால் தெற்கே இருப்பவர்களுக்கு இது அவ்வளவாகத் தெரிவதில்லை.

கோழிக்கு வெளிச்சம் கண் வழியாகப் போகிறது. மெல்லிய மண்டை ஓட்டின் வழியாகவும் மூளைக்குள் இறங்குகிறது. பகல் நீண்டிருந்தால் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி வேலை செய்யும். அதிலிருந்து வரும் சுரப்பு, கருமுட்டைகளை வளரச் செய்யும். பகல் குறுகினால் அந்த வேலை மந்தமாகிவிடும். நன்றாக முட்டையிட நாளுக்கு 14 முதல் 16 மணி நேர வெளிச்சம் வேண்டும். நாமக்கல் முட்டைப் பண்ணைகளில் இருட்டிய பிறகும் விளக்கு எரிவது இதனால்தான்.

அப்படியானால் காஷ்மீரில் ஏழெட்டுக் கோழி வளர்க்கும் ஒரு பெண் கூட்டில் விளக்குப் போடலாமா?

முதலில் பணக் கணக்கு. சிறிய கூட்டுக்கு 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்று போதும். தினமும் நாலு மணி நேரம் எரித்தால் மாதத்துக்கு ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல் ஆகும். பழைய 40 வாட் குண்டு பல்பு என்றால் ஐந்து யூனிட்டை நெருங்கும். ஆக, விளக்குச் செலவு பெரிதல்ல. தீவனச் செலவுதான் பெரிது. முட்டையிடும் கோழிக்கு நாளுக்கு நூறு கிராமுக்கு மேல் தீவனம் வேண்டும். குளிரில் உடம்பைச் சூடாக வைக்க இன்னும் கொஞ்சம் தின்னும். ஒரு முட்டை ஓட்டுக்கு மட்டும் இரண்டு கிராம் அளவு சுண்ணாம்புச் சத்து போகிறது. தீவனத்தில் அது இல்லாவிட்டால் கோழி தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். கோடையில் கோழி மேய்ந்து தன் இரையைத் தானே தேடிக்கொள்ளும். தரையெல்லாம் பனி மூடிக் கிடக்கும்போது எங்கே மேயும்? கையால் போட்டதுதான் அதற்கு. வெறும் சோற்றையும் தவிட்டையும் போட்டு விளக்கை மட்டும் எரித்தால் தோல்முட்டைதான் வரும். கோழியும் நொந்துபோகும்.

"விளக்குப் போட்டால் வயிற்றிலுள்ள முட்டை சீக்கிரம் தீர்ந்துவிடும்" என்றொரு பயமும் இருக்கிறது. இந்தப் பயம் வேண்டாம். பெட்டைக்குஞ்சு பிறக்கும்போதே அதன் வயிற்றில் ஆயிரக்கணக்கான கருமுட்டைகள் இருக்கும். ஆயுள் முழுவதும் இட்டாலும் அவற்றில் சில நூறுதான் வெளியே வரும். ஆனால் ஓய்வு என்று ஒன்று உண்டு. பகல் குறையும்போது கோழி பழைய இறகை உதிர்த்துப் புது இறகு போடும். இறகு பெரும்பாலும் புரதம். முட்டைக்கும் புரதம் வேண்டும். இரண்டையும் ஒரே சமயத்தில் கேட்பது அந்தச் சிறிய உடம்புக்கு அதிகம். இறகு முழுதாக முளைத்த பிறகு விளக்குப் போடுவது நல்லது.

எந்த வகைக் கோழி என்பதையும் பார்க்க வேண்டும். நாட்டுக்கோழி பத்துப் பதினைந்து முட்டை இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். விளக்கைக் காட்டினால் அடைகாக்கும் குணம் போய்விடாது. அதற்காக விளக்குப் போடுவதில் பெரிய லாபம் இல்லை. ஐதராபாத் கோழி ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய வனராஜா போன்ற கோழிகள் வேறு. அவை நாட்டுக்கோழியைவிட அதிக முட்டையிடும். நல்ல தீவனம் கொடுக்க முடிந்தால் அவற்றுக்கு விளக்குப் போடலாம்.

இனி மின்வெட்டு. காஷ்மீரில் குளிர்காலத்தில் மின்சாரம் அடிக்கடி நின்றுபோகும். இன்று நாலு மணி நேரம், நாளை ஒன்றுமில்லை, மறுநாள் இரண்டு மணி நேரம் என்று விளக்கு எரிந்தால் அது எரியாததைவிட மோசம். வெளிச்சம் திடீரென்று குறைந்தால் கோழி நடுக்குளிரில் இறகை உதிர்க்கத் தொடங்கிவிடும். வெற்று உடம்போடு பனியில் நிற்கும். பேட்டரியில் எரியும் சூரிய விளக்கு இருந்தால் சரி. இல்லாத வீட்டில் விளக்கே வேண்டாம். அதற்கு மாற்றாக மண்ணெண்ணெய் விளக்கைக் கூட்டுக்குள் வைத்துவிடாதீர்கள். புகை ஒரு பக்கம், நெருப்பு ஒரு பக்கம். கூட்டில் இருப்பதெல்லாம் வைக்கோலும் மரமும்தான்.

போடுவது என்று முடிவானால் விடியற்காலையில் போட வேண்டும். மாலையில் விளக்கெரித்துத் திடீரென அணைத்தால், தரையில் நிற்கும் கோழிக்குக் கண் தெரியாது. பரணில் ஏறத் தெரியாமல் குளிர்ந்த தரையிலேயே கிடக்கும். டிசம்பர் கடைசியில் ஸ்ரீநகரில் சூரியன் ஏழரை மணிக்கு உதிக்கும். மூன்றரைக்கு விளக்கெரிந்தால் நாலு மணி நேரம் கிடைக்கும். அந்த நேரத்தில் யார் எழுந்து போவது? நேரம் வைத்தால் தானாக எரிந்து அணையும் சுவிட்சு கடையில் கிடைக்கும். ஆனால் முதல் நாளே நாலு மணி நேரம் கூடாது. வாரத்துக்கு அரை மணி நேரமாகக் கூட்டினால் எட்டு வாரம் ஆகும். அக்டோபர் கடைசியில் ஆரம்பித்தால் கணக்கு சரியாக வரும். கோழி நிற்கும் இடத்தில் செய்தித்தாள் வாசிக்க முடிந்தால் அந்த வெளிச்சம் போதும்.

இளம் பெட்டைக்கு இந்த விளக்கு ஆகாது. உடம்பு முற்றுமுன் முட்டைக்கு வந்தால் முட்டைக்குழாய் வெளித்தள்ளிச் சாகவும் கூடும். ஐந்து மாதம் ஆகட்டும். சின்னக் குஞ்சுக்குப் போடும் பல்பு வேறு. அது சூட்டுக்காக. எல்.இ.டி. பல்பில் குஞ்சு குளிர் காய முடியாது. பெரிய கோழிக்குச் சூடு தேவையில்லை.

விளக்குப் போடாத வீட்டிலும் செய்ய வேண்டியது இருக்கிறது. காலையும் மாலையும் வெதுவெதுப்பான தண்ணீர் வைக்க வேண்டும். உறைந்த பாத்திரத்தைக் கொத்தித் தாகம் தீராது. தண்ணீர் குறைந்தாலே முட்டை குறையும். கூட்டின் மேல்பக்கம் காற்றுப் போக ஒரு திறப்பு வேண்டும். எல்லாவற்றையும் அடைத்துவிட்டால் மூச்சுக்காற்றின் ஈரம் உள்ளேயே தங்கும். ஈரமும் பனியும் சேர்ந்தால் கொண்டை கறுத்துப் போகும்.

மார்ச் 20 வாக்கில் பகல் பன்னிரண்டு மணி நேரமாகிவிடும். பகல் நீள நீள விளக்கு எரியும் நேரத்தைக் குறைத்துக்கொண்டே வரலாம். இரண்டும் சேர்ந்து பதினாலு மணி நேரம் குறையாமல் இருந்தால் சரி. மே மாதத்தில் பகலே பதினாலு மணி நேரத்தைத் தொடும். அப்போது பல்பைக் கழற்றித் துடைத்து எடுத்து வைத்துவிடலாம்.