சுவைக்குக் காரணம் நெருப்பே!

(பட்டிமன்றத் தலைப்பு: உணவின் சுவைக்குப் பெரிதும் காரணம் அடுப்பு நெருப்பா? ஆக்குகிற கைப்பக்குவமா? ‘நெருப்பே’ என்ற அணியில் இரண்டாவதாகப் பேசியவரின் உரை.)

மதிப்பிற்குரிய நடுவர் ஐயா அவர்களே! எங்கள் அணித் தலைவர் அண்ணன் அவர்களே! நான் பேச ஆரம்பிக்கிறதுக்கு முன்னாலேயே எனக்குப் பதில் எழுதிக்கிட்டிருக்கிற எதிரணி நண்பர்களே! குக்கரை அடுப்புல வச்சிட்டு, விசிலை எண்ணிக்கிட்டே தொலைக்காட்சி பார்க்கிற என் தாய்மார்களே!

எனக்கு முன்னால பேசின எதிரணித் தம்பி என்ன சொன்னார்? “நெருப்பு எல்லாம் ஒண்ணுதாங்க. சூடு வந்தா போதும். சமைக்கிற கையிலதான் சுவை இருக்கு” அப்படின்னார். நீங்க கை தட்டினீங்க. நானும் தட்டினேன். தம்பிக்கு இன்னும் கல்யாணம் ஆகலை. இதுவரைக்கும் அடுப்பைத் தூரத்துல இருந்து பார்த்தவர்னு நினைச்சுத் தட்டினேன். (சிரிப்பு)

ஐயா, ஒரே ஒரு கேள்வி. குழம்புல உப்பு குறைஞ்சா என்ன பண்ணுவோம்? ஒரு சிட்டிகை போடுவோம். புளிப்பு ஏறிப்போச்சா? ஒரு துண்டு வெல்லம். காரம் தூக்கலா? கொஞ்சம் தேங்காய்ப் பால். கை பண்ணின தப்பைக் கையே சரி பண்ணிடும். ஆனா பால் அடிபிடிச்சுப் போச்சு, அந்த வாசனையை எடுக்க முடியுமா? ஸ்டவ்ல திரி எரியாம மண்ணெண்ணெய் நாத்தம் தோசையில ஏறிடுச்சு, அதைப் போக்க எந்தக் கையாலாவது முடியுமா? நெருப்பு பண்ணின தப்புக்குப் பரிகாரமே கிடையாது. எது ஒரு தடவை எழுதினா அழிக்க முடியாதோ, அதுக்குத்தானய்யா அதிகாரம் பெரிசு! (கைதட்டல்)

நான் புழல்காரி. புழல்னு சொன்னதும் சில பேர் ‘எப்ப வெளியே வந்தீங்க’ங்கிற மாதிரி பார்க்கிறாங்க. (சிரிப்பு) ஐயா, அந்த மத்திய சிறை வந்தது 2006-ல. அதுக்கு நூறு வருஷத்துக்கு மேல முன்னாடியே சென்னைக்குத் தண்ணி கொடுத்த ஊர் எங்க ஊர்! அங்கேயிருந்து செங்குன்றம் வரைக்கும் போனா அரிசி மில்லுங்க. நெல்லை அரைச்சா உமி. அந்த உமியையே கொதிகலன்ல போட்டு எரிச்சு, அந்த ஆவியிலேயே அடுத்த நெல்லை அவிப்பாங்க. இன்னொரு பக்கம் மரம் அறுக்கிற மில்லுங்க. அங்கே மலையாக் குவியறது மரத்தூள்.

அந்த மரத்தூளை எங்க அம்மா என்ன பண்ணுவாங்க தெரியுமா? தகர டின் அடுப்பு. நடுவுல ஒரு பாட்டிலை நிறுத்துவாங்க. சுத்தி மரத்தூளைக் கொட்டி, குத்திக் குத்தி இறுக்குவாங்க. அப்புறம் பாட்டிலை மெதுவாத் திருகி உருவினா, நடுவுல ஒரு குழாய் மாதிரி வழி. கீழே இருக்கிற ஓட்டையில ஒரு சுள்ளியைக் கொளுத்தி வச்சா, மணிக்கணக்கா எரியும். சோறு, குழம்பு, குளிக்க வெந்நீர், எல்லாம் முடிஞ்சும் கனல் மிச்சம் இருக்கும். விறகுத் தொட்டியில எடை போட்டு விறகு வாங்க வசதியில்லாத வீட்டுக்கு அதுதான் தெய்வம்.

இதை ஏன் சொல்றேன்? என் நாத்தனார் வீட்டுக்காரர் துபாயில வேலை பார்க்கிறவர். போன வருஷம் கப்பல்ல போட்டு ஒரு சாமான் அனுப்பினார். ‘பெல்லட் கிரில்’னு பேரு. மீனு, கோழி, கறி எல்லாத்தையும் புகையில வேகவைக்கிற அடுப்பு. மொட்டை மாடியில இறக்கினதும் தெருவே வந்து பார்த்தது. நான் மூடியைத் திறந்து பார்த்தேன். ஐயா, உள்ளே எரியறது என்ன? எங்க அம்மா எரிச்ச அதே மரத்தூள்! (கைதட்டல்)

நடுவர்: ஆக, அமெரிக்காக்காரன் உங்க அம்மா அடுப்பைக் காப்பியடிச்சுட்டாங்கிறீங்க?

காப்பியடிக்கலை ஐயா, ஆனா வந்து சேர்ந்த இடம் அதுதான்! 1973-ல உலகத்துல எண்ணெய்த் தட்டுப்பாடு வந்தது. அதுக்கப்புறம் அமெரிக்காவுல மர மில்லுங்க இருக்கிற பகுதிகள்ல, வீணாப் போற மரத்தூளை அழுத்திக் குச்சி குச்சியாக்கி, குளிர் காயற அடுப்புல எரிக்க ஆரம்பிச்சாங்க. ஆரிகான் மாநிலத்துல ஜோ டிரேகர்னு ஒருத்தர் ‘இதுலேயே சமைச்சா என்ன’ன்னு யோசிச்சார். 1986-ல அதுக்குக் காப்புரிமையும் வாங்கினார்.

குச்சின்னா பெரிசு இல்லை. சுமார் 6 மில்லிமீட்டர் கனம், ஒரு சின்ன சாக்பீஸ் துண்டு மாதிரி. பசை கிடையாது. மரத்துக்குள்ளேயே லிக்னின்னு ஒரு பொருள் இருக்கு. சூட்டுலயும் அழுத்தத்துலயும் அது இளகி, தூளைத் தானே ஒட்டிக்கும். அடுப்போட பக்கத்துல ஒரு பெட்டி, அதுல இந்தக் குச்சிகளைக் கொட்டணும். கீழே திருகாணி மாதிரி ஒரு தண்டு சுத்திச் சுத்தி, கொஞ்சம் கொஞ்சமா நெருப்புக் கிண்ணத்துக்குத் தள்ளும். ஒரு மின்கம்பி பத்த வைக்கும். ஒரு சின்ன விசிறி ஊதும். நாம வேண்டிய சூட்டைத் திருப்பி வச்சுட்டா, சூடு குறைஞ்சா அதுவே குச்சியைத் தள்ளிக்கும், கூடினா நிறுத்திக்கும். ஊதுகுழல் வேண்டாம், கிளறி விட வேண்டாம். கரண்ட் மட்டும் போகக் கூடாது. போச்சுன்னா மீனும் அரைவேக்காடு, மச்சானும் அரைவேக்காடு! (சிரிப்பு)

இப்பதான் ஐயா என் வழக்கோட முக்கியமான சாட்சி. இந்த அடுப்புல கைக்கு வேலை உண்டா? இல்லை! சூட்டை மிஷின் பார்த்துக்குது. நாங்க காசிமேட்டுல வாங்கின ஒரே வஞ்சிரத்தை ரெண்டு பாதியா வெட்டினோம். ஒரே மசாலா, ஒரே கை, ஒரே சூடு, ஒரே நேரம். முதல் பாதிக்கு ஆப்பிள் மரக் குச்சி. ரெண்டாம் பாதிக்கு மெஸ்கீட் மரக் குச்சி. முதல் பாதி இனிப்பா, மென்மையா இருந்தது. ரெண்டாம் பாதியில மீன் எங்கேயோ ஒளிஞ்சுகிட்டு, புகைதான் முன்னால வந்து நின்னுச்சு. எல்லாம் ஒண்ணு, மாறினது நெருப்பு மட்டும். அப்ப சுவையை மாத்தினது எது? எதிரணி சொல்லட்டும்! (பலத்த கைதட்டல்)

நடுவர்: எந்த மரம்னு தேர்ந்தெடுத்தது ஒரு கைதானேம்மா? அது கைப்பக்குவம் இல்லையா?

கேட்பீங்கன்னு தெரியும் ஐயா. மாப்பிள்ளையைத் தேர்ந்தெடுக்கிறது அப்பா. அதுக்காக, குடும்பம் நடத்துறது அப்பாவா? (சிரிப்பு) தேர்ந்தெடுக்கிறதே எதுக்கு? நெருப்புக்கு நெருப்பு வித்தியாசம் இருக்கிறதாலதானே! எல்லா நெருப்பும் ஒண்ணுன்னா, தேர்ந்தெடுக்க வேண்டிய அவசியமே வராதே!

அந்த மெஸ்கீட் என்னன்னு நினைக்கிறீங்க? நம்ம சீமைக் கருவேலத்தோட ஒண்ணுவிட்ட அண்ணன் தம்பி! 19-ஆம் நூற்றாண்டுல நம்ம நாட்டுக்கு வந்து, இன்னிக்கு ராமநாதபுரம் பக்கமெல்லாம் பரவி, தண்ணியை உறிஞ்சுதுன்னு நாம திட்டுற மரம். 2017-ல நீதிமன்றம் வரைக்கும் போன மரம். ஆனா அந்த மாவட்டத்துல அதை மூட்டம் போட்டுக் கரியாக்கித்தான் எத்தனையோ குடும்பம் பிழைக்குது. அதே இனத்து மரத்துக்கு அமெரிக்காவுல பாக்கெட் போட்டு, படம் போட்டு, விலை போடுறான். நம்ம மரத்துக்குப் பாஸ்போர்ட் இல்லை, அவ்வளவுதான்! (சிரிப்பு)

சரி, இந்த அடுப்பை யாராவது வாங்கினா குச்சியை எப்படிப் பார்த்து வாங்கணும்? வெங்காயம் வாங்குற மாதிரி பார்க்கணும் அம்மா. மூட்டையோட அடியைப் பாருங்க. தூளா உதிர்ந்து கிடந்தா வேண்டாம். ஒரு குச்சியை ஒடிச்சுப் பாருங்க. ‘டக்’குனு ஒடியணும், மேலே பளபளப்பு இருக்கணும். வளைஞ்சு நொறுங்கினா ஈரம் குடிச்சது. உறையைப் படிங்க. முழுக்க அந்த மரமேவா, இல்லை வேற மரத்தோட கலப்பா, வாசனை எண்ணெய் தெளிச்சதான்னு பாருங்க. மீனுக்கும் கோழிக்கும் பழ மரம் மாதிரி மென்மையானது. ஆட்டுக்கறிக்கு ஓக், ஹிக்கரி மாதிரி கொஞ்சம் கனமானது. சூடு குறைவா 110 டிகிரி செல்சியஸ் பக்கத்துல வச்சாத்தான் புகை நல்லாப் பிடிக்கும். அந்தப் புகையும் மெல்லிசா, நீலம் பாரிச்ச மாதிரி இருக்கணும். வெள்ளை வெளேர்னு குபுகுபுன்னு வந்தா கசக்கும். மெதுவா வேகவச்சா மணிக்கு அரைக் கிலோ குச்சி ஆகும். சூட்டை ஏத்தினா ஒரு கிலோவுக்கு மேலேயும் போகும். கோழி உள்ளே 74 டிகிரி வரணும். மேலே சிவந்ததைப் பார்த்து ஏமாறக் கூடாது.

அதைவிட முக்கியம், எங்க ஊர்க் காத்து. ஏரிக்கரை ஈரம், ஐப்பசி மழை. மூட்டையைத் திறந்து வச்சீங்கன்னா, குச்சி ஊதிப் போய் மறுபடியும் மரத்தூள் ஆயிடும். திருகாணித் தண்டுல அடைச்சுக்கும். அரிசி டிரம் மாதிரி இறுக்க மூடி வைக்கணும். சமையல் முடிஞ்சா பெட்டியில மிச்சம் இருக்கிறதையும் எடுத்துடணும். சாம்பலையும் வழிச்சுடணும்.

இதையெல்லாம் படிக்காம ஒருத்தர் என்ன பண்ணினார் தெரியுமா? என் வீட்டுக்காரர்தான். குச்சி தீர்ந்துபோச்சு. “பெல்லட் வேணும்”னு மச்சான் போன்ல சொன்னார். இவர் நேரா ஒரு கிடங்குக்குப் போய், “பெல்லட் இருக்கா”ன்னு கேட்டிருக்கார். அங்கே இருந்த பையன், “எத்தினி வோணும்ணே?”ன்னு கேட்டு, துறைமுகத்துல சாமான் அடுக்குற மரப் பலகை, ‘பேலட்’, அதுல நாலைத் தூக்கி வண்டியில போட்டுட்டான்! (பலத்த சிரிப்பு) இவரும் ‘நிறையக் கொடுத்திருக்கான், விலையும் கம்மி’ன்னு சந்தோஷமா வந்துட்டார்.

சிரிச்சாச்சு. இப்ப சிரிக்காம கேளுங்க. கப்பல்ல வர்ற அந்தப் பலகையில பூச்சி வராம இருக்க என்ன செய்தாங்கன்னு முத்திரை குத்தியிருக்கும். ‘எச்.டி.’ன்னா சூடு காட்டினது. ‘எம்.பி.’ன்னா மீதைல் புரோமைடுங்கிற விஷவாயு போட்டது. மேலே என்னென்ன கொட்டினதுன்னு யாருக்கும் தெரியாது. வடசென்னையில எத்தனை வீட்டு வாசல்ல அந்தப் பலகை விறகா எரியுது! பெயின்ட் அடிச்ச கதவு, பிளைவுட் துண்டு, எல்லாம் ‘சும்மா கிடைக்குது’ன்னு எரியுது. பாய்லருக்குன்னு வர்ற மலிவுக் குச்சியும் அப்படித்தான், அதுல என்ன மரம் அரைச்சாங்கன்னு நமக்குத் தெரியாது. அதைச் சமையலுக்குத் தொடவே கூடாது. இந்த நெருப்புல அன்னபூரணியே வந்து சமைச்சாலும் அது சாப்பாடு ஆகுமா? கைப்பக்குவம் அங்கே என்ன ஐயா செய்யும்?

எங்க ஊர்ல காவாங்கரையில இலங்கைத் தமிழர் முகாம் இருக்கு. அங்கே ஒரு அக்கா மாசிச் சம்பல் இடிச்சுக் கொடுப்பாங்க. மாசின்னா சூரை மீனை அவிச்சு, புகை போட்டு, வெயில்ல காயவச்சது. மாலத்தீவு, மினிக்காய்ப் பக்கத்துப் பழக்கம். தேங்காய் மட்டை எரியற புகை. ஒரு கிள்ளு போட்டா சம்பல் முழுக்க மணக்கும். ஊரை விட்டு, வீட்டை விட்டு வந்தவங்களுக்கு அந்தப் புகை வாசனைதான் ஊர்! கை எல்லா ஊர்லயும் கைதான். ஊரை ஞாபகப்படுத்துறது நெருப்பு. (கைதட்டல்)

கடைசியா ஒண்ணு, ஐயா. என் அம்மாவைச் சொன்னேன். “உங்க அம்மா கைப்பக்குவம் யாருக்கும் வராது”ன்னு தெருவே சொல்லும். அந்த மரத்தூள் அடுப்பு இருந்தது ஜன்னல் இல்லாத ஒரு மூலையில. அம்மா எப்பவும் கண்ணைத் தொடைச்சுக்கிட்டே இருப்பாங்க. ராத்திரி இருமுவாங்க. சாப்பிட்ட நாங்க எல்லாரும் அந்தக் கையைப் பாராட்டினோம். அந்தக் கண்ணு ஏன் கலங்குதுன்னு ஒருத்தரும் கேட்கலை. வீட்டு அடுப்புப் புகையால 2020-ல மட்டும் உலகத்துல சுமார் 32 லட்சம் பேர் இறந்ததா உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்லுது. பொம்பளைங்களும் பச்சைக் குழந்தைகளும்தான் அதுல ரொம்பப் பாதிக்கப்படறவங்க.

அதனால சொல்றேன். பெல்லட் கிரில் வாங்குங்க, வேண்டாம்னு சொல்லலை. மீனுக்குப் புகை போடுங்க, மனுஷங்களுக்குப் போடாதீங்க. அடுப்பு மொட்டை மாடியில, காத்து ஓடுற இடத்துல இருக்கட்டும். அறைக்குள்ளேயோ, பால்கனியை மூடியோ வைக்காதீங்க. அதுல வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, ஆளைத் தூங்க வச்சே கொண்டு போயிடும். எண்ணூர், மணலி புகையெல்லாம் சேர்ந்து எங்க வானம் ஏற்கெனவே நிறையக் குடிச்சிருக்கு. நாமளும் கண்டதை எரிச்சு ஊத்த வேண்டாம்.

சாப்பாட்டுல நல்ல மணத்தை ஏத்துறதும் நெருப்பு. சமைக்கிறவ நெஞ்சுல நோயை ஏத்துறதும் நெருப்பு. இவ்வளவு பெரிய காரியம் செய்யற ஒண்ணை, ‘எல்லாம் ஒண்ணுதான்’னு எதிரணி தள்ளிவிடப் பார்க்குது. தள்ளாதீங்க ஐயா. கையைப் பாராட்டுறதுக்கு முன்னாடி, அந்தக் கை எந்த நெருப்புக்குப் பக்கத்துல நிக்குதுன்னு ஒரு தடவை எட்டிப் பாருங்க. பார்த்தீங்கன்னா, தீர்ப்பு தானா எங்க பக்கம் வந்துடும்.

(பலத்த கைதட்டல்)